குடலின் மின்னலையும் காந்தமானியும்

வயிற்றில் வலி என்றால் நம் வீடுகளில் முதலில் எழும் சொல் ‘வாயு’ என்பதே. பெரும்பாலும் அது வாயுவாகவே இருந்தும் விடுகிறது. ஆயினும், குடலுக்குக் குருதி கொணரும் தமனி திடீரென அடைபட்டாலும் தொடக்கத்தில் தோன்றுவது வலிதான். நோயாளி துடிப்பார், மருத்துவர் அழுத்திப் பார்த்தால் வயிறோ மென்மையாகவே இருக்கும். இந்த முரண்பாட்டினாலேயே காலம் வீணாகிறது. சில மணி நேரத்தில் குடற்பகுதி அழுகத் தொடங்கும். அதன்பின் அறுவை செய்தும் பலரைக் காக்க இயலுவதில்லை.

குடல் அழுகுமுன் அதன் நலிவை வெளியிலிருந்தே அறிய வழியுண்டா?

உண்டு என்பதற்குக் குடலின் இயல்பே இடந்தருகிறது. ஸ்பெயின் நாட்டு அறிஞர் காஹாலின் பெயர் தாங்கிய உயிரணுக்கள் குடற்சுவரில் இடைவிடாது மின்னலைகளை எழுப்புகின்றன. இரைப்பையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3. சிறுகுடலின் தொடக்கத்தில் 12. அதன் முடிவில் 8. குருதி குறைந்தால் இவ்வெண்ணிக்கையும் குறைகிறது.

இதயத்திற்குச் செய்வதுபோல் தோலின்மீது மின்முனைகளை ஒட்டி இதனை அளக்கலாமே எனலாம். இடையிலுள்ள கொழுப்பும் தசையும் மின்குறிகளைச் சிதைத்து மங்கச் செய்கின்றன. காந்தப்புலத்திற்கு அத்தடையில்லை, உடலை அது ஏறக்குறையக் காற்றைக் கடப்பதுபோலவே கடந்து வெளிவருகிறது. ஆனால் அதன் வலிமை, புவியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்கே! அருகில் ஊர்தி சென்றாலும் அளவீடு கெடும்.

இத்துணை நுண்மையை அளக்க உதவுவது ‘ஸ்குவிட்’ என்னும் மீகடத்திக் கருவி. 1962இல், 22 வயது மாணவராயிருந்த ஜோசப்சன் கேம்பிரிட்ஜில் கண்ட கோட்பாட்டிலிருந்து 1964இல் அமெரிக்காவில் பிறந்தது அது. திரவ ஹீலியத்தில், சுழியத்திற்குக் கீழ் 269 பாகை செல்சியஸ் குளிரில் இயங்குவது. மோட்டார் வண்டி செய்யும் ஃபோர்டு நிறுவனத்தின் ஆய்வகத்தில் அது உருவானது என்பது நமக்கு வியப்பே.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் விக்ஸ்வோவும் அறுவை மருத்துவர் ரிச்சர்ட்சும் 1990களில் முயல்களிடம் இதனைச் சோதித்தனர். குடலுக்குச் செல்லும் குருதியைத் தடுத்தபோது அலைகளின் வேகம் குறைந்ததை வயிற்றைத் தொடாமலேயே கருவி காட்டியது.

இன்று மருத்துவமனைகளில் சி.டி. படமே தமனியின் அடைப்பைக் காட்டுகிறது. குழாய் அடைபட்டதை அது சொல்லும். தசை இன்னும் உயிரோடு இயங்குகிறதா என்பதை மின்னலையே சொல்லும். ஹீலியத்தின் விலையும் காந்தத்தடுப்பு அறையின் செலவும் ஸ்குவிட்டை இன்னும் ஆய்வகங்களிலேயே நிறுத்தி வைத்துள்ளன.