ஊர்ந்த டிஸ்க்கும் மூச்சிரைக்கும் எஸ்.எஸ்.டி.யும்

வீட்டில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் டிஸ்க் மந்தமாகிவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ள, 2002 வாக்கில் காது இருந்தால் போதும். கேபினெட்டின் முன்னால் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும். உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும். வின்ஆம்பில் ஓடும் பாட்டு திக்கும். மவுஸை இங்கே நகர்த்தினால் திரையில் அம்பு நிதானமாக யோசித்துவிட்டு அங்கே தாவும். ‘சிபியு ஹேங் ஆயிடுச்சு’ என்று வீட்டில் சொல்வார்கள். கேபினெட்டைத்தான் அப்படிச் சொல்வது வழக்கம். நோயாளியின் முனகல் வெளியே கேட்டது, அதனால் வைத்தியமும் அங்கிருந்தே தொடங்கியது.

இன்றைய நோயாளியான எஸ்.எஸ்.டி. முனகுவதில்லை. விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பலகை, அதன்மேல் நாலைந்து கறுப்புச் சில்லுகள், ஒரே ஒரு திருகு. சுழலும் பாகம் எதுவும் இல்லை. பெட்டியில் வினாடிக்கு 7,000 எம்பி என்று போட்டிருக்கிறது. கல்யாண வீடியோவை நகல் எடுத்தால் கொஞ்ச நேரம் பறந்துவிட்டுப் பிறகு நூறுக்கு இறங்கிவிடுகிறது. சத்தமில்லை, சூடு மட்டும் உண்டு.

அசெம்பிள் என்றால் சென்னையில் அன்றைக்கு ரிச்சி தெருதான். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு என்று கடை கடையாகக் கொட்டேஷன் வாங்கி, நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக முதல் கடைக்கே திரும்பி நடப்பார்கள். பிராசஸர் எது, ராம் எவ்வளவு என்பதில் பெரிய விவாதம் நடக்கும். ஹார்ட் டிஸ்க்குக்கு ‘எத்தனை ஜிபி?’ என்ற ஒரு கேள்வியோடு சரி. நிமிடத்துக்கு 5,400 சுற்றா, 7,200 சுற்றா என்று கேட்டவர்கள் குறைவு. கேபிளைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை. அது மதர்போர்டு பெட்டிக்குள் இலவசமாக வரும் பொருள்.

அந்த இலவசப் பொருளில்தான் பாதி வழக்கும் இருந்தது. ஐ.டி.இ. காலத்துப் பட்டைக் கேபிளில் இரண்டு வகை. இரண்டுக்கும் முனையில் ஒரே 40 துளைதான். ஆனால் ஒன்றில் 40 கம்பிகள், மற்றதில் 80 கம்பிகள். கூடுதல் 40 கம்பிகளும் பூமி இணைப்பு. பக்கத்துக் கம்பியின் இரைச்சல் கலந்துவிடாமல் காப்பது மட்டுமே அவற்றின் வேலை. 80 கம்பி இல்லாவிட்டால் வேகம் வினாடிக்கு 33 எம்பியைத் தாண்டாது. போர்டு பெட்டியில் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்று, சிடி டிரைவுக்கு ஒன்று என்று இரண்டு கேபிள் வரும். அவசரத்தில் மாற்றிச் செருகினாலும் இரண்டும் வேலை செய்யும். டிஸ்க்தான் குறைந்த வேகத்தில் ஓடும், யாருக்கும் தெரியாது. ஒரே கேபிளில் டிஸ்க்கையும் சிடி டிரைவையும் மாஸ்டர், ஸ்லேவ் என்று ஜம்பர் வைத்து மாட்டினால் இன்னொரு தொல்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அந்தக் கேபிளில் பேச முடியும். கீறல் விழுந்த எம்பி3 சிடியைப் போட்டால், அது தட்டுத் தடுமாறி முடிக்கும்வரை ஹார்ட் டிஸ்க் கைகட்டி நிற்கும்.

இதைவிடச் சுவையான வழக்கு விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்தது. டிஸ்க்கும் ராமும் பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேரடியாகத் தரவை மாற்றிக்கொள்ளும் முறைக்கு டி.எம்.ஏ. என்று பெயர். அதற்கு முந்தைய பழைய முறை பி.ஐ.ஓ.; அதில் ஒவ்வொரு துணுக்கையும் பிராசஸரே தூக்கிச் சுமக்க வேண்டும். அதன் உச்சமே வினாடிக்கு 16 எம்பியைச் சற்றுத் தாண்டுவதுதான், நடைமுறையில் அதுவும் கிடைக்காது. எக்ஸ்பி என்ன செய்தது என்றால், தரவு போகும் வழியில் பிழைகளை எண்ணிக்கொண்டே வந்தது. மொத்தம் ஆறு பிழை சேர்ந்ததும் வேகத்தை ஒரு படி இறக்கும். மேலும் பிழை வந்தால் இன்னொரு படி. கடைசியில் பி.ஐ.ஓ.வில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆறு பிழையும் ஒரே நாளில் வந்தாலும் ஆறு மாதத்தில் வந்தாலும் கணக்கு ஒன்றுதான். இறக்கியதைத் தானாக ஏற்றவும் ஏற்றாது, ஓர் எச்சரிக்கையும் காட்டாது.

பாட்டு திக்கியதும் அம்பு தாவியதும் இதனால்தான். டிஸ்க் வேலை செய்யும் நேரமெல்லாம் பிராசஸர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தது. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐ.டி.இ. சேனலைத் திறந்து பார்த்தால், ‘அல்ட்ரா டி.எம்.ஏ. மோட் 5’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பி.ஐ.ஓ.’ என்று இருக்கும். அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி துவக்கினால் எண்ணிக்கை அழிந்து பழைய வேகம் திரும்பிவிடும். கேபிளையும் மாற்றினால் நோய் தீர்ந்தது.

தெருவுக்குத் தெரு இருந்த சர்வீஸ் பையன்களில் இதை அறிந்தவர்கள் சிலரே. மற்றவர்கள் சிடி பையோடு வந்து உட்கார்ந்து, ‘வைரஸ் சார், ஃபார்மேட் போட்டா சரியாயிடும்’ என்பார்கள். போட்டார்கள், சரியாகவும் ஆனது! பல வீடுகளில் வைரஸ் போனதால் அது சரியாகவில்லை என்பது என் துணிபு. விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது அந்தப் பிழைக் கணக்கும் அழிந்தது, டிஸ்க் மறுபடி டி.எம்.ஏ.வுக்கு ஏறியது, அவ்வளவுதான். கேபிள் அதே பழைய கேபிள். சில மாதத்தில் ஆறு பிழை மீண்டும் சேரும், பையன் மீண்டும் வருவார். ‘வருஷத்துக்கு ஒரு தடவை ஃபார்மேட் போடணும்’ என்று ஊரெங்கும் நிலவிய நம்பிக்கைக்கு இதுவும் ஒரு வேர்.

டிஃப்ராக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சின்னச் சின்னக் கட்டங்கள் நிறம் மாறி நகர்வதை அரைமணி நேரம் வேடிக்கை பார்த்த தலைமுறைக்கு அது நினைவிருக்கும். நடுவில் கரண்ட் போனால் விண்டோஸ் 98 அடுத்த முறை எழும்போதே நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க் ஓட்டும். யுபிஎஸ் வாங்கியவர்கள் பலர் அந்த நீலத் திரைக்குப் பயந்துதான் வாங்கினார்கள்.

பிறகு சாட்டா வந்தது, மெல்லிய கேபிள் வந்தது, ஜம்பர் ஒழிந்தது. டிஸ்க் 1 டிபி ஆனது. ஆனால் தட்டு சுற்றுவது மட்டும் அதே 7,200. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. கேட்ட இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி நேரம், தலை அந்தத் தடத்துக்கு நகர இன்னும் எட்டொன்பது. ஆக, சிதறிக் கிடக்கும் சிறு துணுக்குகளைத் தேடினால் வினாடிக்கு நூறு எடுப்பதே பெரிது. துணுக்கு ஒன்று 4 கேபி என்றால் மொத்தம் அரை எம்பிகூட வராது. விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க் 100%’ என்றும் பக்கத்திலேயே ‘1 எம்பி’ என்றும் காட்டியதைப் பார்த்துப் பலர் குழம்பினார்கள். அதில் முரண் எதுவும் இல்லை. டிஸ்க் முழு நேரமும் ஓடியது, ஆனால் தேடுவதிலேயே நேரம் போனது. விண்டோஸ் 10 பின்னணியில் தேடல் அட்டவணை, அப்டேட், வைரஸ் சோதனை என்று ஒரே நேரத்தில் பல இடங்களைக் கேட்க ஆரம்பித்ததும் பழைய தட்டு தாங்கவில்லை. அந்த நோய்க்கு ஒரே மருந்து எஸ்.எஸ்.டி.

இன்டெல் எக்ஸ்25-எம் 2008லேயே வந்துவிட்டாலும், நம் வீடுகளுக்குள் 120, 240 ஜிபி எஸ்.எஸ்.டி. பரவலாக நுழைந்தது 2010களின் பிற்பகுதியில்தான். கணினி வாழ்க்கையில் ஒரு பாகத்தை மாற்றி இவ்வளவு வித்தியாசம் கண்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சாட்டா எஸ்.எஸ்.டி.யிலிருந்து அதைவிட வேகமான என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.க்கு மாறியவர்களுக்கு அந்தத் துள்ளல் கிடைக்கவில்லை. பெட்டியில் 550 என்பது 7,000 ஆனாலும், ஒவ்வொன்றாகக் கேட்கும் சிறு துணுக்குகளில் வித்தியாசம் இரண்டு மடங்கு அளவில்தான் நிற்கிறது. விண்டோஸ் எழுவதும் பிரவுசர் திறப்பதும் அந்தச் சிறு துணுக்குகளால்தான்.

டிஸ்க் மந்தம் என்றால் அன்று கேட்ட முதல் கேள்வியையே இன்றும் கேட்க வேண்டும்: டிஸ்க்கும் போர்டும் எந்த வேகத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கின்றன? அன்று டிவைஸ் மேனேஜர் சொன்னதை இன்று கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஒரே வரியில் சொல்கிறது: இப்போது ஓடுவது இது, ஓட முடிந்தது இது. இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் பொருத்திய இடத்தில் இருக்கும். போர்டில் எஸ்.எஸ்.டி.யைச் செருகும் எம்.2 பள்ளம் இரண்டு இருந்தால் இரண்டும் சமமல்ல. இரண்டாவது பல போர்டுகளில் பாதி அகலப் பாதை, சிலவற்றில் சாட்டா மட்டும். ரைசன் 5600ஜி பிராசஸர் போட்டவர்கள் பி.சி.ஐ.இ. 4.0 எஸ்.எஸ்.டி. வாங்கினால் அது 3.0 வேகத்தில்தான் ஓடும், பி550 போர்டாக இருந்தாலும். அந்தப் பிராசஸருக்கு அதற்கு மேல் வராது. பி560 போர்டில் இன்டெலின் 10ஆம் தலைமுறை பிராசஸரை வைத்தால் பிராசஸரோடு நேரடியாக இணைந்த முதல் எம்.2 பள்ளம் வேலையே செய்யாது. மேனுவலில் சிறு எழுத்தில் இது இருக்கிறது. கொட்டேஷன் சீட்டில் இருப்பதில்லை.

கேபிள் நோயும் முற்றாகப் போய்விடவில்லை. சாட்டா டிஸ்க் தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் சி7 என்ற வரி கேபிள் பிழைகளைச் சேர்த்துவைக்கிறது. அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது. கேபிளை மாற்றிய பிறகும் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்றைக்கு இன்னொரு கேள்வி சேர்ந்திருக்கிறது: அந்த வேகம் எவ்வளவு நேரம் நிற்கும்? பழைய தட்டு டிஸ்க் வெளித் தடத்தில் விரைவாகவும் உள்தடத்தில் ஏறக்குறைய பாதியாகவும் ஓடியது என்றாலும், வாங்கிய அன்றும் ஐந்தாம் வருஷமும் ஒரே கணக்கு. மலிவான எஸ்.எஸ்.டி.யில் வேகம் முதல் சில ஜிபிக்கு மட்டும் கிடைக்கும் சலுகை. ஒரு செல்லில் நான்கு பிட் எழுதும் க்யூ.எல்.சி. ஃபிளாஷ் எழுதுவதில் மந்தம். அதை மறைக்க, காலி இடத்தில் ஒரு பகுதியை ஒரு பிட் முறையில் வேகமாக எழுதிவைத்துப் பிறகு ஓய்வில் மடித்து அடுக்குகிறார்கள். 2018இல் வந்த இன்டெல் 660பி 1 டிபி மாடலில் டிஸ்க் காலியாக இருக்கும்போது இந்த முன்னறை 140 ஜிபி. நிரம்ப நிரம்ப அது 12 ஜிபியாகச் சுருங்கும். அது நிறைந்ததும் எழுதும் வேகம் 100 எம்பி அருகே, அதாவது பழைய தட்டு டிஸ்க்கின் வேகத்துக்கே வந்து சேரும். சோதனை மென்பொருள் இதைக் காட்டாது. கிரிஸ்டல்டிஸ்க்மார்க் வழக்கமாக எழுதிப் பார்ப்பது 1 ஜிபி. அது முன்னறைக்குள்ளேயே முடிந்துவிடும். எண் பிரமாதமாக வரும், கல்யாண வீடியோ நகராது. அதற்கு மருந்து காலி இடம்தான். கால் பங்கு காலியாக விட்டால் பல எஸ்.எஸ்.டி.கள் மூச்சிரைக்காது.

வெயிலும் இப்போது கணக்கில் சேர்ந்துவிட்டது. பல போர்டுகளில் எம்.2 பள்ளம் கிராபிக்ஸ் கார்டின் அடியில்தான். மே மாதத்து அறையில், சூடு உச்சம் தொட்டதும் எஸ்.எஸ்.டி. தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்க் போட்டும் சூடு குறையவில்லையா? கழற்றி, அதன் அடியில் உள்ள வெப்பப் பட்டையின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்று பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கும் ஏமாற்றக் கற்றுக்கொண்டது. வீட்டு ஓட்டுக்கூரைபோல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடத்தைப் பாதி ஏற்றி எழுதும் எஸ்.எம்.ஆர். முறையில், நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை இந்த முறையைச் சொல்லாமலே புகுத்தியிருந்தது 2020இல் அம்பலமாகி, ஏப்ரலில் நிறுவனமே பட்டியல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் எஸ்.என்.550 எஸ்.எஸ்.டி.யில் மாடல் பெயரை மாற்றாமல் உள்ளே ஃபிளாஷை மாற்றியது தெரியவந்தது. முன்னறை தீர்ந்த பின் வேகம் முன்னைவிட இறங்கியது. அதற்கும் முன்பு, சாம்சங் 840 ஈவோ எஸ்.எஸ்.டி.யில் எழுதி மாதங்களான கோப்புகள் மட்டும் ஊர்ந்தன. 2014 அக்டோபரில் ஒரு ஃபர்ம்வேர், அது போதாமல் 2015இல் இன்னொன்று. பெயரை மாற்றாமல் சரக்கை மாற்றுவதைப் பலசரக்குக் கடையில் செய்தால் என்ன பெயர் வைப்போமோ அதையே எஸ்.என்.550இல் நடந்ததற்கும் வைக்கலாம்.

பழைய டிஸ்க் சாவதற்கு முன் டிக் டிக் என்று சொல்லிவிட்டுச் செத்தது. எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் நேற்றுவரை ஓடி, இன்று காலை பயாஸில் இல்லாமல் போகிறது. அழித்த கோப்பை மீட்பதும் கடினம். டிரிம் கட்டளை அந்த இடம் இனித் தேவையில்லை என்று எஸ்.எஸ்.டி.யிடம் சொல்லிவிடுகிறது. ஆகவே டிஸ்க் திடீரென்று மந்தமானால் வேகம் அளக்கும் மென்பொருளைத் தொடாதீர்கள். அது எழுதி எழுதியே நோயை முற்றவைக்கும். முதலில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். சாட்டா டிஸ்க்கின் ஸ்மார்ட் பட்டியலில் கெட்ட இடங்களை எண்ணும் 05, சி5 எண்கள் ஏறிக்கொண்டிருந்தால் கேபிள், பள்ளம், ஃபர்ம்வேர் எதையும் ஆராய வேண்டாம், அந்த டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.