கூடாரத்துக்கு முன் பருவம்

கூடாரம் போட்டுத் தங்க நினைக்கும் திண்டுக்கல் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது இடத்தை அல்ல, மாதத்தை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; மார்ச்சிலோ காய்ந்த புல்லில் காட்டுத்தீ அபாயம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பற்றிய தீ, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பள்ளி விடுமுறை மே மாதத்தில்தானே என்பார்கள். நியாயம்தான், ஆனால் பொங்கலுக்கும் சில நாள் கிடைக்கிறதே! அப்போது ஆத்தூர் காமராஜர் அணைப் பக்கத் தோப்புகளில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு தங்கலாம். ஈரம் மிச்சமிருக்கும் மண்ணில் முளைக்குச்சி எளிதாக இறங்கும். தென்னைக்கு நேர் கீழே மட்டும் வேண்டவே வேண்டாம். மட்டை விழுந்தால் துணிக்கூரை தாங்காது. சிறுமலைக் காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும்; அதை வாங்கிவிட்டுத்தான் தேதியைக் குறிக்க வேண்டும்.