காத்தாடி சுத்துற வள்ளியூரில் ஏசி மண்டபத்துக்கும் கார்பன் கணக்கு உண்டா?

வள்ளியூரை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்தாலே காற்றாலைகள் கண்ணில் படும். பணகுடி, பழவூர், காவல்கிணறு வழியாக முப்பந்தல் வரை வரிசையாக நிற்கின்றன. ஆரல்வாய்மொழி கணவாய் வழியே வரும் காற்றுதான் காரணம். "இவ்வளவு காத்தாடி சுத்துது, நம்ம ஊரு கரண்டுல ஏது புகை?" என்று யாராவது கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் இங்குள்ள ஒரு பெரிய கல்யாண மண்டபமோ ஜவுளிக்கடையோ ஏசியைப் போட்டால், அதன் பெயரில் கார்பன் கணக்கு ஏறத்தான் செய்கிறது. எப்படி?

பக்கத்தில் காற்றாலை, கரண்ட் யாருக்கு?

காற்றாலையில் இருந்து மண்டபத்துக்கு நேராக வயர் வருவதில்லை. எல்லா மின்சாரமும் ஒரே மின்தொகுப்பில் போய்க் கலக்கிறது. காற்றாலை, கூடங்குளம் அணுமின் நிலையம், தூத்துக்குடி அனல்மின் நிலையம் என எல்லாம் கலந்ததுதான் நம் பிளக் பாயின்ட்டுக்கு வருகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தப் பகுதியில் உள்ள காற்றாலைகளில் பல, கோவை, திருப்பூர் பக்கத்து நூற்பாலைகள் தங்கள் தேவைக்காக நிறுவியவை. இங்கே உற்பத்தியாகும் யூனிட்டுகள் அங்கே உள்ள ஆலையின் பில்லில் கழிக்கப்படும். அதாவது 'சுத்தமான மின்சாரம்' என்ற பெயர் கோவைக்குப் போய்விடுகிறது. காத்தாடி நிழலில் இருக்கிற கடைக்குக் கிடைப்பது பொதுக் கலவைதான்.

அந்தக் கலவையில் நாடு முழுவதும் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. உதாரணத்துக்கு, மாதம் 10,000 யூனிட் ஓடும் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 7 டன், வருடத்துக்கு 84 டன். கடை வாசலில் புகைபோக்கி எதுவும் இருக்காது. புகை வருவது நிலக்கரி எரிகிற இடத்தில்.

ஆடிக் காற்றும் முகூர்த்தமும்

காற்றாலைகளின் சீசன் மே முதல் செப்டம்பர் வரை. ஆடியில் காற்று உச்சத்தில் இருக்கும்போது கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். தை, மாசியில் முகூர்த்தம் குவியும்போது அந்த வேகம் இருக்காது. மொட்டை மாடியில் சோலார் போடலாம், ஆனால் ஏசி அதிகம் ஓடுவது முந்தின நாள் சாயங்கால ரிசப்ஷனில். அப்போது வெயில் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் மின்தொகுப்பு பெரிதும் நம்பியிருப்பது நிலக்கரியை. இந்த விஷயத்தில் ஜவுளிக்கடைகளுக்கு யோகம்தான். ஆடித் தள்ளுபடியும் ஆடிக் காற்றும் ஒன்றாக வருகின்றன.

பில்லில் வராத கார்பன்

கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இதுகூடப் பரவாயில்லை. பலரும் கவனிக்காதது ஏசி கேஸ். இந்தியாவில் நிறைய ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், அது சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கிட்டத்தட்ட 3,000 யூனிட் மின்சாரம் செலவழித்ததற்கு ஈடு. "கேஸ் கம்மியா இருக்கு, ஃபில் பண்ணிடலாம்" என்று மெக்கானிக் சொன்னால், பழைய கேஸ் எங்கே போனது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆர்-32 வாயுவில் இந்தப் பாதிப்பு மூன்றில் ஒரு பங்குதான்.

கட்டடம் கட்டும்போது ஆகும் கணக்கு தனி. ஒரு மூட்டை சிமெண்டுக்கு சுமார் 30 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதில் பாதிக்கும் மேல் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லில் இருந்தே வருவது.

சட்டம் என்ன சொல்கிறது?

பெரிய நகரங்களில் இது முக்கியப் பிரச்சினையாகிவிட்டது. நியூயார்க்கின் வெளியேற்றத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களால்தான். அதனால் 2019-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் ஆண்டு உச்சவரம்பு. மீறினால் டன்னுக்கு 268 டாலர் வரை அபராதம்.

இந்தியாவில் வழி வேறு. 2001-ம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் கீழ், 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் மின் இணைப்புள்ள வணிகக் கட்டடங்களுக்கான விதிகள் உள்ளன. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, பெரிய குடியிருப்புக் கட்டடங்களையும் சேர்க்க வழி செய்யப்பட்டது. ஆனால் இந்த விதிகள் பார்ப்பது புதுக் கட்டடத்தை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதை: சுவர், கூரை, கண்ணாடி, ஏசியின் திறன். ஏற்கெனவே நிற்கும் கடைக்கு 'வருஷத்துக்கு இத்தனை டன்' என்ற வரம்பு கிடையாது. அதனால் கட்டும்போது விட்ட தவறு, அந்தக் கட்டடம் இருக்கும் வரை பில்லில் வந்துகொண்டே இருக்கும்.

உரிமையாளர் என்ன செய்யலாம்?

மேற்கு வெயிலைப் பார்த்து முழுக் கண்ணாடி முகப்பு வைப்பது, துணி காயப்போட்டால் பறந்து போகிற காற்றடிக்கும் ஊரில் கொஞ்சம் வேடிக்கைதான். தட்டோடு பதித்த கூரை, நிழல் தரும் சன்ஷேட் எல்லாம் நம் கொத்தனார்களுக்குப் புதிதல்ல. கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். ஏசியை 20-ல் இருந்து 24 டிகிரிக்கு மாற்றலாம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. புது மண்டபத்துக்கு பிளான் போடுபவர்கள் இன்ஜினியரிடம் முகப்பு டிசைனுக்கு முன்னால் கேட்க வேண்டியது, எத்தனை டன் ஏசி போட்டால் போதும் என்பதை.