வாசலிலிருந்து ஊசி வரை

அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் 'ஏ.ஆர்.' என்றொரு பதிவேடு உண்டு. ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர். அடிபட்டு வந்தவர் யார், கூட்டிவந்தது யார், எங்கே எப்படி அடிபட்டது, எத்தனை மணிக்கு வந்தார், காயத்தின் நீளம் எவ்வளவு என்று பணியிலிருக்கும் டாக்டர் அதில் எழுதுவார். இரவு இரண்டு மணியானாலும் நேரம் எழுதாமல் விடமாட்டார். அந்த ஏட்டின் நகல் காவல் நிலையத்துக்குப் போகும். பிறகு நீதிமன்றத்துக்கும் இழப்பீட்டு வழக்குக்கும் போகும். நாளைக்கு வக்கீல் கேட்பார் என்ற நினைப்பே எழுதுகிறவரைக் கவனமாக்கிவிடுகிறது.

அதே இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வருகிறார். அவருக்கு இசிஜி எடுத்தது எப்போது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஏறியது எப்போது என்று எந்த வக்கீலும் கேட்கப் போவதில்லை. உயிரோ சாவோ என்பதைத் தீர்மானிப்பது அந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான். அதை யாராவது கேட்டே ஆக வேண்டும்.

தென்காசியை வைத்து இதைப் பேசக் காரணம் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான ஊர் இது. மக்கள்தொகைக் கணக்கை வைத்து இந்த மாவட்டத்தின் அவசர சிகிச்சைத் தேவையை அளந்தால் கணக்கு தப்பும். ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று வெளியூர்க் கூட்டம் நிரம்பிவிடும். பாறையில் வழுக்கி விழுகிறவர்கள், தூக்கக் கலக்கத்தில் வேன் ஓட்டி வருகிறவர்கள், அருவிக்கரை நெரிசலில் நெஞ்சுவலி வந்து உட்கார்ந்துவிடும் பெரியவர்கள் எல்லாருக்கும் தென்காசிதான் பக்கம். கார்த்திகை பிறந்தால் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாக ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இரவெல்லாம் மலையேறும். இவற்றோடு உள்ளூர்ப் பாடு தனியாக இருக்கிறது: வயலில் பாம்புக்கடி, வீட்டில் பூச்சிமருந்து, அரளி விதை.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. மருத்துவமனையால் மாற்ற முடியாத சாவு அது. ஆனால் மாற்றக்கூடிய சாவுகள் பல இருக்கின்றன. அவை எத்தனை, எங்கே நடக்கின்றன என்பதைத்தான் நாம் எண்ணுவதில்லை.

தென்காசி மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. தலைக்குள் ரத்தக்கசிவு போன்ற பெரிய பிரச்சினை என்றால் பெரும்பாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். "ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போயிருங்க" என்பது இந்தப் பக்கத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் பழகிய வாக்கியம். பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நோயாளியை அனுப்பியதும் தென்காசி ஏட்டில் 'மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை' என்று எழுதி முடித்துவிடலாம். அவர் பாளையங்கோட்டையில் இறந்தால் அந்தச் சாவு திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் கணக்கில் ஏறுகிறது. தென்காசியின் எண் நன்றாகத் தெரியும், பாளையங்கோட்டையின் எண் மோசமாகத் தெரியும். இரண்டுமே உண்மையைச் சொல்லவில்லை. தென்காசியில் எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், மூச்சுக்குழாய் போட்டு அனுப்பினார்களா, வண்டிக்குக் காத்திருந்த நேரம் எவ்வளவு என்ற கேள்விகள் இரண்டு ஏடுகளுக்கும் நடுவே விழுந்து போகின்றன.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதன் பிறகு 'டி.ஏ.இ.ஐ.' என்ற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம், வந்தவரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. காயம்பட்டவர்களுக்கான கணினிப் பதிவேடும் அதன் வழியாகவே வந்தது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் என்றது. வெளிமாநிலத்தவருக்கும் பொருந்தும் என்பது குற்றாலம் போன்ற ஊருக்குப் பெரிய ஆறுதல். எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று அரசு சொல்கிறது. அவர்களில் எத்தனை பேருக்குச் சரியான சிகிச்சை சரியான நேரத்தில் கிடைத்தது என்பது வேறு கணக்கு.

நாடு முழுவதற்கும் ஒரு கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. நிதி ஆயோக்கும் டெல்லி எய்ம்ஸும் சேர்ந்து 28 மாநிலங்களிலும் 2 யூனியன் பிரதேசங்களிலும் 100 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2021-ல் அறிக்கை வெளியிட்டன. 91 சதவீத மருத்துவமனைகளில் சொந்த ஆம்புலன்ஸ் இருந்தது. அதில் உடன் செல்லப் பயிற்சி பெற்ற பணியாளர் இருந்தது 34 சதவீத இடங்களில்தான். இந்த ஒரு வரிக்காகவே அந்த அறிக்கைக்கு நன்றி சொல்லலாம். ஆனாலும் அது ஒருமுறை எடுத்த படம். 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியத் தர உறுதிச் சான்றும் பெரும்பாலும் அமைப்பையும் நடைமுறையையுமே பார்க்கிறது. ஆய்வுக்குழு வரும் வாரத்தில் அவசர மருந்துத் தள்ளுவண்டியில் எல்லா மருந்தும் இருக்கும். ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை இரவில் இருக்கிறதா என்பதுதான் நோயாளியின் கேள்வி.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. மாரடைப்போடு வந்த ஒவ்வொருவரின் நேரங்களையும் 2000 முதல் தேசிய அளவில் பதிவு செய்கிறார்கள். 2013 முதல், அவசரமாக வயிற்றைத் திறந்து அறுவை செய்யும் நோயாளிகளுக்கும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனித் தணிக்கை வந்தது. முதல் ஆண்டில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 11.8 சதவீதம். மூத்த மருத்துவர் உடனிருந்தாரா, ஆபத்தின் அளவை முன்பே கணித்து எழுதினார்களா என்று மருத்துவமனை வாரியாக வெளியிட வெளியிட, சில ஆண்டுகளில் அது 10-க்குக் கீழே இறங்கியது. அதே நாட்டின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை எச்சரிக்கையாகவும் நிற்கிறது. இலக்கையும் பணக்கணக்கையும் துரத்தி நோயாளியைக் கோட்டைவிட்ட கதையை 2013-ல் வந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கை பக்கம் பக்கமாகச் சொன்னது. எண்ணைப் பார்த்துத் தண்டிப்பார்கள் என்று தெரிந்தால், மனிதர்கள் முதலில் திருத்துவது எண்ணைத்தான்.

அளந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆரியங்காவு தாண்டினால் கேரளம். அங்கே 63 மருத்துவமனைகளில், 21,374 மாரடைப்பு நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2018-ல் முடிவு வெளியானது. தணிக்கை அறிக்கை, சரிபார்ப்புப் பட்டியல், நோயாளிக்கான விளக்கம் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். 30 நாட்களில் நேரும் பெரிய பாதிப்புகள் முதல் பார்வைக்குக் குறைந்ததுபோல இருந்தாலும், கணக்கைச் சரிசெய்து பார்த்தபோது வித்தியாசம் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் 2,420 பேரை வைத்துச் செய்து 2017-ல் வெளியான மாரடைப்பு ஆய்வில், சின்ன மருத்துவமனைகளை இதயச் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனையோடு கோத்தார்கள். இசிஜி உடனே மேலே போகும். ஊசி கீழேயே ஏறும். பிறகு நோயாளி பெரிய மருத்துவமனைக்குப் போவார். ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் எனக்குப் படுவது, கணக்கோடு சேர்ந்து வண்டியும் ஆளும் வழியும் மாறினால்தான் உயிர் மிஞ்சுகிறது என்பது.

இதற்கு நமக்கு வெளிநாட்டு வாத்தியார் தேவையே இல்லை. பிரசவத்தில் தாய் இறந்தால் காரணம் தேடும் தணிக்கையைத் தமிழ்நாடு 1994-லேயே தொடங்கியது. 2004-ல் ஒவ்வொரு தாய் மரணத்துக்கும் கட்டாயமாக்கியது. சாவு நடந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் மேலே போக வேண்டும். கிராமத்துக்கே போய் வீட்டாரிடம் விசாரிப்பார்கள். முடிவெடுக்கத் தாமதமா, வந்து சேரத் தாமதமா, வந்த பிறகு சிகிச்சைக்குத் தாமதமா என்று பிரித்துப் பார்ப்பார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம் நடக்கும். இறந்தவரின் உறவினரும் அதில் பேசுவார். இந்த ஊரில் ரத்தம் இல்லை, அந்த ஊரில் மயக்க மருந்து டாக்டர் இல்லை என்று அப்படித்தான் வெளியே வந்தது. உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 2001-03-ல் 134 ஆக இருந்த தாய் இறப்பு 2018-20-ல் 54 ஆனது. மற்ற நலத்திட்டங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அலைந்து இறந்த தாயின் முழுப் பயணத்தையும் ஒரே தாளில் எழுத முடியும் என்று செய்து காட்டியது இந்தத் தணிக்கைதான்.

தென்காசியில் இதைப் பாம்புக்கடியிலிருந்து தொடங்கலாம். 2024 மார்ச்சில் மத்திய அரசு பாம்புக்கடிக்கென தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வர வேண்டும்; தனியார் மருத்துவமனையும் சொல்லியாக வேண்டும். கடிபட்டவர் வந்ததும் செய்யும் முக்கியமான சோதனைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் உள்ளே ஏறிவிட்டது என்று பொருள்; விஷமுறிவு மருந்தைத் தாமதிக்காமல் ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாயோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ உதவாது, முடிவு தப்பாகிவிடும். கண்ணாடிக் குழாய் கையிருப்பில் இருக்கிறதா என்பது பத்து ரூபாய் விஷயம். அது இல்லாமல் போனால் போவது உயிர்.

கடித்த நேரம், வந்த நேரம், குழாயைச் சாய்த்த நேரம், மருந்து ஏறிய நேரம், மேலே அனுப்பியிருந்தால் வண்டி கிளம்பிய நேரமும் பாளையங்கோட்டை சேர்ந்த நேரமும். ஏ.ஆர். ஏட்டில் காயத்தின் நீளத்தை எழுதும் கைக்கு இந்த ஆறும் பாரமாகாது. தாள் நோயாளியோடே போக வேண்டும். முடிவு என்னவானாலும் தென்காசிக்குத் திரும்பி வர வேண்டும், அனுப்பிவைத்த டாக்டருக்கும் செவிலியருக்கும் தெரிய வேண்டும். இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் மாதம் ஒருமுறை அந்தத் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும், யாரையும் சஸ்பெண்ட் செய்வதற்காக இல்லை என்ற உறுதியோடு. தாய் மரணக் கூட்டத்தைப் போலவே இதிலும் வீட்டார் ஒருவர் உட்கார வேண்டும். கடித்ததும் முதலில் வைத்தியரிடம் போனார்களா, எந்த நர்சிங் ஹோம் திருப்பி அனுப்பியது, வண்டிக்கு எவ்வளவு நேரம் ரோட்டில் நின்றார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.