தேநீர் நிற நீரில் ஒரு சிறு கெளுத்தி

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் சுங்கை செம்பிலாங் என்றொரு கடலோரச் சிற்றூர் உண்டு. 'செம்பிலாங்' என்பது கழிமுகச் சேற்றில் வாழும் ஒருவகைக் கெளுத்தி மீனின் மலாய்ப் பெயர். குழம்புக்குச் சுவையான மீன். முள் குத்திவிட்டாலோ கடுகடுவென்று வலிக்கும். இவ்வட்டார மக்கள் நன்கறிந்த மீன் இது. ஆனால், இங்கிருந்து வடகிழக்கே, வட சிலாங்கூர்ச் சதுப்புக் காட்டில் வாழும் விரல் நீளக் கெளுத்தியைக் கண்டவர் மிகச் சிலரே.

அதன் அறிவியல் பெயர் என்கெலோகிளாரியாஸ் கர்டிசோமா. 'கர்டிசோமா' என்றால் குறுகிய உடல் என்று பொருள். சந்தையில் விற்கும் கெலி மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும், கெலிக்கு இல்லாத கொழுப்புத் துடுப்பு ஒன்று இதன் முதுகின் பின்பகுதியில் உண்டு. 1993ஆம் ஆண்டில்தான் ஆய்வாளர்கள் பீட்டர் இங், கெல்வின் லிம் இருவரும் இதனைத் தனி இனமாக அறிவித்தனர்.

இம்மீன் வாழும் நீர் தேநீர் நிறமானது. அழுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. நீர் தேங்கிய நிலத்தில் விழும் இலைகளும் கிளைகளும் முழுமையாக மக்குவதில்லை. அவை பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து, 'காம்புட்' எனப்படும் மண்ணாகின்றன. அதிலிருந்து ஊறும் சாறே நீருக்கு நிறத்தையும் புளிப்பையும் தருகிறது. தூய நீரின் அமிலக் குறியீடு 7. இங்கோ ஏறத்தாழ 4. உயிர்வளியும் குறைவு. கெலிக் குடும்ப மீன்களுக்குச் செவுளின் மேல் கிளைத்த உறுப்பொன்று இருப்பதால், அவை நீர்மட்டத்திற்கு வந்து காற்றைச் சுவாசிக்கின்றன. இருண்ட நீரில் வழியறியவும் இரை தேடவும் நான்கு இணை மீசைகள் துணைபுரிகின்றன.

70,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட இச்சதுப்புக் காடு, மழைநீரை உறிஞ்சி வைத்து மெதுவாகக் கசியவிடுகிறது. தஞ்சோங் காராங் வயல்களுக்கும் அந்நீர் உதவுகிறது. செம்பனை நடுவதற்காகக் கால்வாய் வெட்டினால், நீர் வடிந்து காம்புட் மண் காய்கிறது. காய்ந்த மண்ணில் பிடிக்கும் தீ நிலத்தடியிலேயே நாள் கணக்கில் புகையும். மேலே ஊற்றும் நீர் அதனை எளிதில் எட்டாது. இந்த மீனுக்கோ ஒதுங்க வேறு நீரில்லை.

ராஜா மூசா காடு 1990ஆம் ஆண்டில் வனக்காப்பகமானது. அழிந்த பகுதிகளை மீட்கும் பணி 2008இல் தொடங்கியது. வனத்துறையினரும் தன்னார்வலர்களும் பழைய கால்வாய்களின் குறுக்கே தடுப்புகள் அமைத்து நீரைத் தேக்குகின்றனர். தீயால் வெட்டவெளியான இடங்களில், வெயிலைத் தாங்கி விரைந்து வளரும் மஹாங் மரக்கன்றுகளை நடுகின்றனர்.