தப்புக் குச்சியும் ட்ரம் குச்சியும்

விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டால் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் லயங்களை ஒரு காலத்தில் எழுப்பியது அந்த ஒலிதான். சி. வி. வேலுப்பிள்ளையின் 'தேயிலைத் தோட்டத்திலே' காவியமும் அதனோடுதான் தொடங்குகிறது. காமன் கூத்திலும் மரண வீட்டிலும் தப்பு ஒலிக்கும். இன்றைய மாணவியருக்கு ட்ரம் செட்டின் றொக் தாளமும் பழக்கமானது. இரண்டையும் ஒப்பிட்டால் தாளத்தின் அடிப்படை எளிதில் விளங்கும்.

தப்புக்கு இரண்டு குச்சிகள். இடக்கையில் இருப்பது சிம்புக்குச்சி. மூங்கிலில் சீவிய மெல்லிய குச்சி, நீளம் ஏறத்தாழ 28 செ.மீ. வலக்கையில் இருப்பது அடிக்குச்சி. தடித்தது, ஏறத்தாழ 18 செ.மீ. அடிக்குச்சி கனத்த ஒலியைத் தரும். சிம்புக்குச்சி இடைவெளிகளைச் சன்னமான ஒலியால் நிரப்பும். மழை ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும் என்பதால், அடிப்பதற்கு முன் தப்பைத் தீயில் காய்ச்சி இறுக்குவார்கள்.

றொக் தாளத்திலும் கைகளுக்குத் தனித்தனி வேலை உண்டு. ஒன்று முதல் எட்டு வரை சீராக எண்ணுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் வலக்கை ஹை-ஹெட் தட்டில் ஓர் அடி. மூன்றிலும் ஏழிலும் இடக்கை ஸ்நெயாரில் அடிக்க வேண்டும். ஒன்றிலும் ஐந்திலும் வலக்கால் பேஸ் ட்ரம்மை மிதிக்க வேண்டும். முதலில் மெதுவாக, பிழையின்றி. வேகம் பிறகு தானாக வரும். ட்ரம் இல்லாவிட்டால் மேசையும் தரையும் போதும்.

இனி, குச்சி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. 7ஏ மெல்லியது, 5ஏ நடுத்தரமானது, 5பி தடித்தது. புதிதாகக் கற்பவருக்கு 5ஏ பொருந்தும். கை சிறியதானால் 7ஏ. ஹிக்கரி மரம் உறுதியானது, மேப்பிள் இலேசானது. குச்சியை மேசையில் உருட்டிப் பாருங்கள். தள்ளாடினால் அது வளைந்தது. தப்பின் குச்சிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்க வேண்டும். ட்ரம் குச்சிகளோ எடையிலும் ஒலியிலும் ஒத்திருக்க வேண்டும்.

மேடையில் ட்ரம் வாசிப்பவருக்குக் கைதட்டுகிறோம். தோட்டத்தையே எழுப்பிய தப்புக்காரரையோ சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்தார்கள். அந்த எட்டு எண்ணிக்கையை ஐந்து நிமிடம் தவறாமல் தட்டிப் பாருங்கள். அவருடைய கைகள் எவ்வளவு கற்றிருந்தன என்பது அப்போது புரியும்.