முதுமையும் நாவின் வலிமையும்

தமிழ் பயில்வோர்க்கு நா என்பது முதலில் ஓர் ஒலியுறுப்பே. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்தொலிகள் பிறத்தற்குரிய உறுப்புகளுள் நாவையும் வைத்து எண்ணுகிறது. ஆயினும் பேச்சுக்கு முன்பே நாவுக்குரிய பணி ஒன்றுண்டு. உணவை உள்ளே செலுத்துவதே அப்பணி. முதுமையில் அது தளர்வது எதனால் என்பதை ஈண்டுக் காண்போம்.

மென்ற உணவை நா திரட்டி, அண்ணத்தில் அழுத்திப் பின்னோக்கித் தள்ளுகிறது. அப்போது குரல்வளை மேலெழுகிறது, மூச்சுவழி அடைபடுகிறது, உணவுக்குழலின் வாயில் திறக்கிறது. தொண்டையில் நிகழும் இவையனைத்தும் ஏறத்தாழ ஒரு நொடியில் முடிகின்றன. நாவின் தள்ளுவிசை குறைந்தால் உணவு தொண்டையில் தங்கும், மூச்சுக்குழலுக்குள்ளும் இறங்கக்கூடும். அதனால் நிமோனியா காய்ச்சல் வரலாம்.

நா பெரிதும் தசையால் ஆனது. ஆதலின் கைகால்கள் மெலிவது போன்றே அதுவும் மெலிகிறது. முதுமையில் நேரும் தசைக்குறைவுக்குச் 'சார்கோபீனியா' என்னும் பெயரை அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பெர்க் 1980களின் இறுதியில் முன்மொழிந்தார். இக்குறைவு விழுங்கும் தசைகளையும் பற்றுவதால் வரும் இடர்ப்பாட்டை ஜப்பானிய மருத்துவ அமைப்புகள் நான்கு 2019-இல் கூட்டறிக்கையாக விளக்கின. காற்றடைத்த சிறு குமிழை நாவால் அண்ணத்தில் அழுத்தச் செய்து அதன் வலிமையை அங்கு அளக்கின்றனர். அவ்வழுத்தம் 30 கிலோபாஸ்கலுக்குக் குறைந்தால் நா தளர்ந்துள்ளது என்று கொள்கின்றனர்.

நம் இல்லங்களிலோ, தண்ணீர் அருந்துகையில் இருமும் பெரியவரைக் கண்டு, "வயதாகிவிட்டது" என்று கூறிக் கடந்துவிடுகிறோம். அவர் இருமலுக்கு நாணித் தனியே உண்ணத் தொடங்குகிறார். பின்னர் இறைச்சியை விலக்கிக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறார். புரதம் குறையக் குறையத் தசை மெலிகிறது; தசை மெலிய மெலிய விழுங்குவது மேலும் அரிதாகிறது. இச்சுழலில் சிக்கியவர் நம் கண்ணெதிரிலேயே தேய்ந்து போகிறார்.

இச்சுழலைத் தடுக்க வழியுண்டு. 2005-இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், 70 முதல் 89 வயது வரையுள்ள நலமான முதியோர் பதின்மர், எட்டு வாரம் நாவை அழுத்தும் பயிற்சி மேற்கொண்டனர். அனைவருக்கும் நாவின் அழுத்தம் உயர்ந்தது. எனவே நாத்தளர்ச்சி திருத்தவே இயலாத ஒன்றன்று.

உண்கையில் அடிக்கடி இருமல், உண்டபின் கரகரத்த குரல், காரணமறியாத எடைக்குறைவு, மீண்டும் மீண்டும் வரும் காய்ச்சல் ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரை நாடுதல் வேண்டும். பக்கவாதம், பார்க்கின்சன் நோய் முதலியவையும் இதற்குக் காரணமாகலாம். இருமலே இன்றி உணவு மூச்சுக்குழலில் இறங்குவதும் உண்டு. பயிற்சியும் உணவின் பதமும் மருத்துவர் அறிவுரைப்படியே அமைதல் நன்று. நிமிர்ந்து அமரச் செய்தலும், சிறு கவளமாகத் தருதலும், உண்கையில் பேச்சுக் கொடாதிருத்தலும் நாம் செய்யத்தக்கவை.

நமக்கு முதற்சொல்லையும் முதற்கவளத்தையும் தந்தவர்கள் அவர்கள். அவர்தம் கவளம் இறங்கும்வரை பொறுத்திருத்தல் நம் கடனாகும்.